மண்ணையும் நீரையும் ஆராயும் பணி: விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பு

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில், கோவளம் முதல் கல்பாக்கத்துக்குத் தெற்கு வரை, கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். நீர் கெட்டுவிட்டதா என்பதை இவர்கள் வழக்கமாக நாக்கில் விட்டுப் பார்த்தே முடிவு செய்கின்றனர். கரிக்கிறதா, இல்லையா என்பதை நாக்கு சொல்லும். ஆனால் உப்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. நெல்லுக்கு ஆகும் நீரா, வேர்க்கடலைக்கு ஆகும் நீரா, சவுக்கு தவிர வேறு எதற்கும் ஆகாத நீரா என்பது அந்த 'எவ்வளவு' என்பதில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கருவி மட்டும் இருந்தால் போதாது. பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும்.

அந்தக் கைகள் விவசாயக் குடும்பங்களிலிருந்தே வரலாம் என்பதைப் பெற்றோர் பலர் அறியவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் முதல் முதுநிலைப் பட்டம் பெற்ற பெண் வரை ஒவ்வொரு படியிலும் இத்துறையில் இடம் உண்டு. அதற்கான படிப்புகளும் பணியிடங்களும் பெரும்பாலும் செங்கல்பட்டிலிருந்து பேருந்தில் போய் வரும் தொலைவிலேயே உள்ளன.

பகுப்பாய்வு வேதியியல் என்பது என்ன?

இந்தத் துறை இரண்டே கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இப்பொருளில் என்ன இருக்கிறது? அது எவ்வளவு இருக்கிறது? மண், பாசன நீர், உரம், பூச்சிமருந்து, கால்நடைத் தீவனம், பால், இறால், குடிநீர் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் கேள்வி இவைதான்.

கிணற்று நீரில் உள்ள குளோரைடு உப்பை அளக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். நீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட் கரைசலைச் சேர்த்தால் நீர் மஞ்சளாகிறது. பின்னர் அளவுகள் குறிக்கப்பட்ட கண்ணாடிக் குழாயாகிய பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர். உப்பு இருக்கும் வரை வெள்ளை நிற வீழ்படிவு உண்டாகிறது. உப்பு முழுவதும் தீர்ந்தவுடன் மஞ்சள் நிறம் செங்கல் நிறச் சாயலுக்கு மாறுகிறது. அந்தக் கணத்தில் குழாயை மூடி, எத்தனை மில்லி செலவாயிற்று என்று கணக்கிட்டால் உப்பின் அளவு கிடைத்துவிடும். நிறம் மாறிய பிறகும் கவனக்குறைவாகச் சில சொட்டுகள் கூடுதலாக விட்டால், இல்லாத உப்பு இருப்பதாகக் கணக்கில் ஏறிவிடும்.

பிளஸ் டூ மாணவர்கள் வேதியியல் செய்முறைத் தேர்வில் செய்யும் தரம் பார்த்தல் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கு மதிப்பெண்ணுக்காகச் செய்வதை, ஆய்வுக்கூடத்தில் ஒரு குடும்பத்தின் சாகுபடிக்காகச் செய்கின்றனர்.

ஓர் எண் தவறினால் என்ன ஆகும்?

மண்ணிலும் நீரிலும் கரைந்துள்ள மொத்த உப்பை மின்கடத்தும் திறன் என்ற அளவால் குறிப்பிடுகின்றனர். இதன் அலகு டெசிசைமன்ஸ். முன்பு மில்லிமோஸ் என்று வழங்கியதும் இதே அளவே. கடல் நீரில் இது சுமார் 50 இருக்கும். மண்ணின் நிறைவுக் கரைசலில் இந்த அளவு 3 வரை இருந்தால் நெல்லில் மகசூல் குறைவதில்லை. வேர்க்கடலையும் ஏறக்குறைய 3.2 வரை தாங்கும். அதற்கு மேல் இரண்டு பயிர்களும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. நெல்லின் மகசூல் பாதியாகக் குறைய 7.2 வரை உப்பு ஏற வேண்டும். வேர்க்கடலையோ 4.9-லேயே பாதியாகிவிடுகிறது. எனவே அறிக்கையில் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று எழுதப்பட்டால், நன்றாக விளையக்கூடிய நிலத்தில் விவசாயி வேர்க்கடலையைக் கைவிடுவார். 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3 என்று எழுதப்பட்டால், விதைக்கும் கூலிக்கும் போட்ட பணத்தில் பாதி மண்ணோடு போகும்.

களர் நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் உள்ள வேறுபாடும் ஆய்வினால்தான் தெரியும். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். அமில கார நிலை பொதுவாக 8.5-க்குள் இருக்கும். வடிகால் அமைத்து, நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்பு இறங்கிவிடும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமில கார நிலை 8.5-க்கு மேல் போகும். அதற்கு ஜிப்சம் இட்டு, அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தால் சோடியத்தை வெளியேற்றி, பிறகு நீர் விட்டு வடிக்க வேண்டும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு. களர் நிலத்தில் ஜிப்சம் இன்றி நீரை மட்டும் தேக்குவதும் பயன் தராது. வெயில் காலத்தில் இரண்டு நிலங்களும் பார்வைக்கு வெளுத்தே தோன்றலாம்.

2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் கடல் நீர் வயல்களில் புகுந்தது. எந்த வயல் மழை நீரிலேயே தேறிவிடும், எந்த வயலுக்குச் சீர்திருத்தம் தேவை என்ற கேள்விக்கு மண் மாதிரிகளின் ஆய்வே விடை தர முடிந்தது.

கடலோர மணற்பாங்கான நிலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கு நிலத்தடியில் நல்ல நீர், கனமான கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கணக்கின்படி, நல்ல நீரின் மட்டம் 1 அடி இறங்கினால் கீழேயுள்ள உப்பு நீர் சுமார் 40 அடி மேலே வர இடம் உண்டு. ஆகவே, கடலோரக் கிணறுகளின் நீரை ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், ஆய்வு செய்வது நல்லது. ஒரே ஒரு முறை பார்த்த அறிக்கையைவிட, உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் தொடர் அறிக்கைகளே பயன் தரும்.

ஒரு சிட்டிகை மண்ணின் பொறுப்பு

ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் அரை அடி மண் சுமார் 9 லட்சம் கிலோ எடை உள்ளது. விவசாயி ஆய்வுக்கு அனுப்புவது அரை கிலோ. அதிலும் ஆய்வுக்கூடத்தில் மணிச்சத்தைக் கண்டறிய எடுப்பது இரண்டரை கிராம் மட்டுமே. அந்தச் சிட்டிகை மண், ஏக்கர் முழுவதன் சார்பில் பேச வேண்டும். ஆகவே பகுப்பாய்வு வயலிலேயே தொடங்கிவிடுகிறது.

நிலம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், மண்வெட்டியால் 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், வாய்க்கால் அருகு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எல்லா மண்ணையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்க வேண்டும். அரை கிலோ மிஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட வேண்டும். யூரியா வந்த சாக்கில் மட்டும் மண்ணைப் போடக் கூடாது. சாக்கில் ஒட்டியிருக்கும் உரம் மண்ணின் தழைச்சத்தாகக் கணக்கில் வந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் மண்ணைத் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எண்ணிட்டு வைக்கின்றனர். கரிமச் சத்தை டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கொண்டு அளக்கின்றனர். மணிச்சத்தைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் இறக்கி, நீல நிறம் வரச் செய்து, நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் படிக்கின்றனர். சாம்பல்சத்தைச் சுடர் ஒளிமானியில் பார்க்கின்றனர். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களுக்கு அணு உட்கவர் நிறமாலைமானி என்ற விலை உயர்ந்த கருவி தேவை. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் இவ்வாறு 12 குணங்கள் அட்டையில் குறிக்கப்படுகின்றன.

நல்ல பகுப்பாய்வாளர் தன் வேலையைத் தானே சந்தேகிக்கக் கற்றவர். மண்ணே சேர்க்காமல் வெறும் மருந்துகளை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்வார். ஒரே மண்ணை இருமுறை ஆய்ந்து விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியை இடையில் வைத்துச் சோதிப்பார். எண் பொருந்தவில்லை என்றால் திருத்தி எழுதமாட்டார். ஆய்வைத் திரும்பச் செய்வார். இந்தப் பழக்கத்தைத் தருவதுதான் பயிற்சியின் சாரம். கருவியை இயக்கும் முறையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம்.

பழைய மரபு

இத்துறை தமிழகத்துக்குப் புதியதன்று. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கு வேதியியலாளர் ஹாரிசனும் சுப்பிரமணிய ஐயரும் நெல் வயலின் சேற்றில் உண்டாகும் வாயுக்களைப் பிடித்துப் பகுத்தாய்ந்து 1913-ல் முடிவுகளை வெளியிட்டனர். நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு வருவதைப் பற்றி இன்று உலகமே பேசுகிறது. கோவைச் சேற்றில் அது நூறாண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்டுவிட்டது. 1909-ல் கோவையில் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் நீண்ட காலமாக மண் பகுப்பாய்வுக்கு ஆதாரமாக விளங்கி வருகிறது.

இன்று இந்திய மண் ஆய்வுக்கூடங்களில் தழைச்சத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் காரப் பெர்மாங்கனேட் முறையை சுப்பையா, அசிஜா என்ற இருவர் 1956-ல் வெளியிட்டனர். அது இரண்டு பக்கக் கட்டுரை. அதன் பயன் லட்சக்கணக்கான விவசாயிகளின் ஆய்வு அறிக்கைகளில் உள்ளது.

பயிற்சி பெறும் வழிகள்

பத்தாம் வகுப்புக்குப் பின்: அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'வேதித் தொழிற்சாலை ஆய்வக உதவியாளர்' என்ற 2 ஆண்டுப் பிரிவில் சேரலாம். எல்லாத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இப்பிரிவு இராது. விசாரித்துச் சேர வேண்டும். இதை முடித்தவர்கள் 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகலாம்.

பட்டயப் படிப்பு: சென்னை தரமணியில் வேதித் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பட்டயக் கல்வி நிலையம் உள்ளது. பயிர்த் தொழிலோடு சேர்ந்து மண் ஆய்வும் கற்க விரும்புவோர் பிளஸ் டூவுக்குப் பின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 2 ஆண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பில் சேரலாம்.

பட்டப் படிப்பு: இதில் இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது பி.எஸ்சி. வேதியியல், 3 ஆண்டுகள். செங்கல்பட்டிலேயே 1970-ல் தொடங்கப்பட்ட இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி உள்ளது. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். இரண்டாவது பி.எஸ்சி. வேளாண்மை, 4 ஆண்டுகள். வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடங்களில் வேளாண்மை அலுவலராகப் பணிபுரிய இந்தப் பட்டமே வேண்டும். தேர்வு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் நடைபெறுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. கிராமத்துப் பெற்றோர் இதனைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

முதுநிலை: மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியலில் எம்.எஸ்சி. பட்டம் கோவையில் பெறலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பகுப்பாய்வு வேதியியலுக்குத் தனித் துறை உள்ளது.

சில பணிகளுக்குச் சட்டமே தகுதியை வகுத்துள்ளது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரப் பகுப்பாய்வாளராக, வேளாண்மைப் பட்டமோ வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ வேண்டும். அத்துடன் உரத் தரக் கட்டுப்பாட்டில் பயிற்சியும் வேண்டும். அதற்கான மத்தியப் பயிற்சி நிறுவனம் அரியானாவில் ஃபரிதாபாத்தில் உள்ளது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்தும், டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்தும் 46 சதவீதம் மணிச்சத்தும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கலப்படத்தைப் பிடிப்பவர் இந்தப் பகுப்பாய்வாளரே. அதுபோல, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உணவுப் பகுப்பாய்வாளராக, வேதியியல் போன்ற பாடத்தில் முதுநிலைப் பட்டமும், உணவுப் பகுப்பாய்வில் 3 ஆண்டு அனுபவமும், அதன் மேல் ஒரு தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும்.

மருத்துவமனைகளில் இரத்தம், சிறுநீர் பார்க்கும் ஆய்வக நுட்பனர் படிப்பு வேறு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அருகில் உள்ள பணியிடங்கள்

காஞ்சிபுரத்தில் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடம் உள்ளது. செங்கல்பட்டை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. விவசாயிகளுக்கும் கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சிகள் நடத்துகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் உள்ளது. 1987-ல் தொடங்கிய இந்நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. இறால் குட்டையில் உப்பு, காரத்தன்மை, அம்மோனியா ஆகியவற்றை முறையாக அளப்பவர் இல்லாமல் இறால் வளர்ப்பு நடவாது. ஏற்றுமதிக்குப் போகும் இறாலில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் உள்ளதா என்று நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பார்க்கின்றனர். அங்கு முதுநிலை படித்தவர்களுக்கு வேலை உண்டு.

அதற்குத் தெற்கே, மாமல்லபுரம் அருகில் நெம்மேலியில், கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட முதல் நிலையம் 2013-லும், 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாவது நிலையம் 2024-லும் இயங்கத் தொடங்கின. உள்ளே வரும் கடல் நீரையும் வெளியே போகும் குடிநீரையும் இடைவிடாது சோதிக்க வேண்டியிருப்பதால், இத்தகைய நிலையங்களுக்கு ஆய்வுக்கூடம் இன்றியமையாதது.

இன்னும் தெற்கே கல்பாக்கத்தில், 1971-ல் தொடங்கப்பட்ட அணு ஆராய்ச்சி மையமும், 1984 முதல் மின்சாரம் தரும் அணு மின் நிலையமும் உள்ளன. அணுசக்தித் துறை, பி.எஸ்சி. வேதியியலும் பட்டயமும் படித்தவர்களை ஒரு பிரிவாகவும், பிளஸ் டூ அல்லது தொழிற்பயிற்சி முடித்தவர்களை மற்றொரு பிரிவாகவும் உதவித்தொகையுடன் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கிறது. சுற்றுப்புற நீர், பால், மீன், தானியம் ஆகியவற்றைச் சோதிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடமும் அங்கு உண்டு. இவை தவிர, கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிலைய வளாகத்தில் உணவு ஆய்வுக்கூடமும், மணலியில் உரத் தொழிற்சாலையும் உள்ளன.

சொந்த ஊரிலேயே இருக்க விரும்பும் இளைஞர்களும் சுயஉதவிக் குழுக்களும் சிறிய மண் ஆய்வுக்கூடம் அமைக்க அரசுத் திட்டம் உண்டு. விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

கவனிக்க வேண்டியவை

இப்பணியில் பளபளப்பு இல்லை. ஒரே சோதனையை ஒரு நாளில் ஐம்பது முறை செய்ய வேண்டியிருக்கும். தனியார் கூடங்களில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பல இடங்களில் வேலை ஒப்பந்த முறையில்தான் கிடைக்கும். கை தேர்ந்து, பதிவேடுகளை ஒழுங்காக எழுதப் பழகியவர்களுக்கு நாளடைவில் மதிப்பு கூடும். தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு பணிபுரிந்த அனுபவம், பெயர் தெரியாத நிறுவனம் தரும் பத்துச் சான்றிதழ்களைவிட மேலானது. "வேலை உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு அரசு அங்கீகாரமோ பல்கலைக்கழக அங்கீகாரமோ உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியம். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது. ரப்பர் குமிழைப் பயன்படுத்த வேண்டும். கண்ணாடியும் மேலங்கியும் இன்றி வேலை செய்யச் சொல்லும் இடம் பயிற்சிக்கு ஏற்ற இடமன்று.

வயலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிக்கையில் உள்ள எண் பொருத்தமற்றதாக இருந்தால் அவர்களுக்கு உடனே ஐயம் தோன்றும். உப்புப் பூத்த நிலத்துக்கு 0.3 என்று விடை வந்தால், புள்ளி இடம் மாறியிருக்குமோ என்று கேட்க, நிலத்தைப் பார்த்த கண் வேண்டும்.

நவரை அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் காலம் மண் மாதிரி எடுக்க ஏற்றது. விவசாயிகள் அந்தச் சமயத்தில் மேலே சொன்ன முறையில் மாதிரி எடுத்து, ஒரு லிட்டர் கிணற்று நீரையும் சுத்தமான பாட்டிலில் நிரப்பி, பெயர், ஊர், சர்வே எண், அடுத்துச் செய்யப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கிணற்றில் அரை மணி நேரமாவது மோட்டார் ஓடிய பிறகு நீரைப் பிடிக்க வேண்டும். போகும்போது ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. அங்கு நடக்கும் வேலையை நேரில் பார்த்தால், அடுத்து எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்ற முடிவைப் பிள்ளைகளே தெளிவாக எடுக்க முடியும்.